டிரம்ஹெல்லரில் ஒரே ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சென்ற ஜூலையில் என் சித்தி மகன் குடும்பத்தோடு கனடாவின் கால்கரிக்கு வந்திருந்தான். பான்ஃப் பார்த்தாயிற்று, லேக் லூயிஸ் பார்த்தாயிற்று. விமானம் ஏற ஒரே ஒரு முழு நாள்தான் மிச்சம். "டைனோசர் ஊர்னு ஒண்ணு இருக்காமே அண்ணா, அங்க போய்ட்டு வந்துடலாமா? மியூசியம் மட்டும் பார்த்தா போதும்ல?" என்று கேட்டான்.

போதும் என்று சொல்லியிருந்தால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் டிரம்ஹெல்லர் என்று யாராவது ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது. அந்த ஊருக்கு ஏழெட்டு முறை வண்டி ஓட்டியிருக்கிறேன், பெரும்பாலும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு. முதல் நாலைந்து தடவை எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மியூசியம், பெரிய டைனோசர் சிலைக்கு முன்னால் ஒரு படம், ஆளுக்கொரு ஐஸ்கிரீம், வீடு. ஊரில் பாதியைப் பார்க்காமலே திரும்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஊர் சின்னது. மக்கள்தொகை 8000-ஐத் தொடாது. கால்கரியிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த ஒன்றரை மணி நேரமும் தரை பலகை மாதிரி கிடக்கும். கோதுமை வயல், ஜூலையில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் கனோலா, தூரத்தில் ஒரு தானியக் கிடங்கு, அவ்வளவுதான். கூட வருபவர்கள் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்க ஆரம்பிக்கும் நேரத்தில் சாலைக்குப் பக்கத்திலேயே பூமி வாய் பிளந்த மாதிரி ஒரு பள்ளம் தெரியும். பழுப்பு, சாம்பல், வெள்ளை, நடுநடுவே கறுப்புக் கோடு என்று பட்டை பட்டையாக வெட்டி வைத்த மண். மலையில் ஏறிப் பழகிய நமக்கு, சமதரையிலிருந்து கீழே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் இது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது உருகி ஓடிய வெள்ளம் அறுத்துவிட்டுப் போன பள்ளத்தாக்கு. இப்போது அதன் அடியில் ரெட் டியர் ஆறு சாதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே பார்க்க மூன்று பகுதி உண்டு. ஊருக்குச் சற்று வடமேற்கே மியூசியம். அதைத் தாண்டி அதே திசையில் ஆற்றின் இரு கரையையும் சுற்றி வரும் 48 கிலோமீட்டர் வட்டச் சாலை. அதற்கு டைனோசர் டிரெயில் என்று பெயர். ஊருக்குத் தென்கிழக்கே ஹூடூ என்னும் மண் தூண்களும் பழைய நிலக்கரிச் சுரங்கமும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் காரின் கண்ணாடி வழியாகத்தான் இருக்கும். இரண்டை எடுத்து ஒன்றை விட வேண்டும். எந்த இரண்டு என்பதுதான் கேள்வி.

மியூசியத்தை விடச் சொல்லி யாருக்கும் என்னால் சொல்ல முடியாது. ராயல் டிரெல் மியூசியம் 1985-இல் திறக்கப்பட்டது. பெயருக்குக் காரணமானவர் ஜோசப் டிரெல் என்ற நிலவியலாளர். 1884-இல், இருபத்தைந்து வயதில், கனடா அரசின் நிலவியல் துறைக்காக இந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று அளந்துகொண்டு வந்தார். கரி தேடியவர் கண்ணில் ஒரு டைனோசர் மண்டையோடு பட்டது. 1905-இல் அந்த விலங்குக்கு ஆல்பர்ட்டோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்த ஊர் இருக்கும் ஆல்பர்ட்டா தனி மாகாணமானதும் அதே ஆண்டில்தான். டிரெல் தேடி வந்தது எலும்பையல்ல, கரியை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே போனால் எலும்புக்கூடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் மதியம் ஆகிவிடும். நான் இரண்டு இடங்களில்தான் ஆட்களைப் பிடித்து நிறுத்துவேன். ஒன்று, 'பிளாக் பியூட்டி' என்று செல்லப் பெயர் கொண்ட டி.ரெக்ஸ். 1980-இல் ஆல்பர்ட்டாவின் தென்மேற்கு மூலையில் உள்ள குரோஸ்நெஸ்ட் பாஸில் கிடைத்தது. மண்ணுக்குள் இருந்த மாங்கனீஸ் எலும்பில் ஏறி, முழு எலும்பும் மெருகேற்றிய கருங்காலி மாதிரிப் பளபளக்கிறது. 

இன்னொன்று, என்னைக் கேட்டால், இந்த மியூசியத்தின் உயிர். போரியலோபெல்ட்டா என்ற கவச டைனோசர். 2011-இல் வடக்கே ஃபோர்ட் மெக்மரி பக்கத்து எண்ணெய் மணல் சுரங்கத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், வாளியில் வந்த கட்டியின் நிறம் வேறாக இருக்கிறதே என்று வேலையை நிறுத்தினார். அதனால் தப்பியது இது. தூக்கும்போது தன் பாரத்திலேயே கட்டி உடைந்து துண்டுகளானது. மியூசியத்துப் பணியாளர் மார்க் மிட்செல் அதன் மேலிருந்த கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க ஏறத்தாழ 7000 மணி நேரம் பிடித்தது. 2017-இல் விலங்குக்குப் பெயர் வைத்தபோது அவருடைய பெயரையும் சேர்த்தே வைத்தார்கள், போரியலோபெல்ட்டா மார்க்மிட்செல்லி என்று. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன் செத்து, கடலில் மிதந்து போய், அடிச் சேற்றில் மல்லாந்து புதைந்த விலங்கு. எலும்புக்கூடு அல்ல, முகம், கழுத்து, முதுகுக் கவசத்தின் ஒவ்வொரு ஓடு, ஓடுகளுக்கு நடுவே தோல், தோளில் நீட்டிய பெரிய முள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். வயிற்றில் கடைசியாகத் தின்ற பெரணி இலைகூடக் கிடைத்தது. என் சித்தி மகனின் பெண் அதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். எழுந்துவிடும் என்று பயமா, எழுப்பக் கூடாது என்ற மரியாதையா என்று நான் கேட்கவில்லை.

எலும்பைச் சுத்தம் செய்யும் பட்டறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். யாராவது குனிந்து பல் மருத்துவர் கருவி போன்ற ஒன்றால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 7000 மணி நேரம் என்றால் என்ன என்பது அங்கேதான் புரியும்.

மியூசியத்துக்குச் சரியாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கோடையில் காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பத்தரைக்கு மேல் பஸ் பஸ்ஸாகப் பள்ளிக் குழந்தைகளும் கோடை முகாம் பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். குளிர்காலத்திலும் திறந்திருக்கும், ஆனால் திங்கட்கிழமை விடுமுறை.

இனி மதியத்துக்கு வருவோம். மியூசியத்தை விட்டு வெளியே வந்தால் கார் தானாகவே டைனோசர் டிரெயில் பக்கம் திரும்பும். வரைபடத்திலும் அதுதான் பக்கம், சுற்றுலாக் கையேடுகளும் அதைத்தான் முதலில் சொல்லும். போகும் வழியில் ஆறு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு குட்டித் தேவாலயம். மேலே போனால் ஹார்ஸ்தீஃப் கேன்யன் என்ற காட்சி முனை. பிறகு ஆற்றைக் கடக்க பிளேரியோ படகு.

படகு எனக்குப் பிடித்த விஷயம், மறைக்க மாட்டேன். கரைக்குக் கரை கட்டிய கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டே போகும் தட்டைப் படகு. காரோடு ஏறி நின்றால் சில நிமிடத்தில் அக்கரை. கட்டணம் கிடையாது. 1913-இலிருந்து இங்கே படகு ஓடுகிறது. பெயர் ஆந்த்ரே பிளேரியோ என்ற குடியேறியின் பெயர். 1909-இல் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டினாரே லூயி பிளேரியோ, அவருடைய சகோதரர். அண்ணன் தம்பியில் ஒருவர் கடலைத் தாண்டினார், இன்னொருவர் பெயரில் ஆற்றைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். படகு கோடையும் இலையுதிர்காலமும்தான் ஓடும். ஆற்றில் தண்ணீர் மிகவும் ஏறினாலோ வற்றினாலோ நிறுத்திவிடுவார்கள். அப்போது வந்த வழியே திரும்ப வேண்டும்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், வட்டச் சாலையில் கண்ணுக்கு விருந்து உண்டு, கதை குறைவு. மூன்றாவது காட்சி முனைக்கு வரும்போது பிள்ளைகள் காரை விட்டு இறங்க மறுப்பார்கள். பட்டை போட்ட பள்ளத்தாக்கு அழகுதான். அதை ஒருமுறை மேலேயிருந்து நன்றாகப் பார்த்துவிட்டால் மறுபடி மறுபடி பார்ப்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த ஒரு பார்வைக்கு வட்டச் சாலை தேவையும் இல்லை, எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

அதனால் என் ஓட்டு தென்கிழக்குக்கு. 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆற்றை ஒட்டியே போக வேண்டும். வழியில் ரோஸ்டேல். அங்கே சுரங்கத் தொழிலாளிகள் ஆற்றைக் கடக்கப் போட்ட, 117 மீட்டர் நீளமுள்ள தொங்கு பாலம் ஒன்று உண்டு. நடக்க விடுகிறார்களா என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டு போங்கள். ஊரிலிருந்து 16 கிலோமீட்டரில் ஹூடூக்கள். ஐந்து முதல் ஏழு மீட்டர் உயரத்தில் மணற்பாறைத் தூண், தலையில் தொப்பி மாதிரி கெட்டியான ஒரு கல். அந்தத் தொப்பிக்கல் குடை பிடிப்பதால் கீழே உள்ள தூண் மட்டும் மழையில் கரையாமல் நிற்கிறது, சுற்றிலும் இருந்ததெல்லாம் போய்விட்டது. தொப்பி விழுந்தால் தூணும் சில காலத்தில் போய்விடும். படத்தில் பார்த்துவிட்டுப் பெரிய காட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். முக்கியமான தூண்கள் கைவிரலால் எண்ணக்கூடிய அளவுதான். படிக்கட்டும் நடைபாதையும் கட்டி வேலியிட்டிருக்கிறார்கள். என் அத்தை பார்த்துவிட்டு, "புற்றுக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கு" என்றார். அதைவிடச் சுருக்கமாக நான் வர்ணிக்கப் போவதில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களிடம், இவை கல்லாகிப் போன அரக்கர்கள், இரவில் உயிர் பெறுவார்கள் என்ற கதை உண்டு என்று சொல்வார்கள். முக்கால் மணி நேரம் இங்கே தாராளம். கோடையில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். தவறு. இன்னும் கொஞ்சம் தூரம் போனால் ஈஸ்ட் கூலி என்ற சிற்றூர், ஆற்றுக்கு அக்கரையில் அட்லஸ் நிலக்கரிச் சுரங்கம். இப்போது அது தேசிய வரலாற்றுத் தலம்.

தூரத்திலிருந்தே அந்தக் கட்டடம் தெரியும். கோணல்மாணலாக, சாம்பல் நிறத்தில், ஏழெட்டு மாடி உயரத்துக்கு மரத்தாலேயே கட்டிய ராட்சதக் கூண்டு. இதற்கு டிப்பிள் என்று பெயர். மேலே சுரங்கத்திலிருந்து வரும் கரி இதன் உச்சியில் கொட்டப்படும். ஆடிக்கொண்டே இருக்கும் சல்லடைகளில் இறங்கிப் பெரிய கட்டி, முட்டை அளவு, கொட்டை அளவு என்று பிரிந்து, அடியில் நிற்கும் ரயில் பெட்டியில் விழும். கனடாவில் மிஞ்சியிருக்கும் கடைசி மர டிப்பிள் இதுதான். வழிகாட்டியோடு உள்ளே போகலாம். படியேறும்போது கைப்பிடியில் மரம் வழவழவென்றிருக்கும், எத்தனை கை பட்டதோ. சல்லடைக்குப் பக்கத்தில் நின்று கரியோடு வரும் கல்லைக் கையால் பொறுக்கி எறிவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பலகை இடுக்கில் விரலை விட்டால் இன்னமும் கறுப்பாக ஒட்டும். இயந்திரம் ஓடும்போது அந்தச் சத்தத்தில் பேசவே முடியாது; சைகைதான்.

அந்தக் காலத்துச் சுரங்கங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கும். விளக்கு வாங்கும்போது வில்லையைக் கொடுப்பான், விளக்கைத் திருப்பும்போது வில்லையை வாங்கிக்கொள்வான். மாலையில் பலகையில் ஒரு வில்லை மிச்சமிருந்தால் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று பொருள். மியூசியத்தின் டி.ரெக்ஸ் பற்களைவிட இந்த வில்லைதான் எனக்கு அதிகம் பயம் காட்டியது.

ஊரின் கதை முழுக்க இங்கே இருக்கிறது. 1910-இல் சாமுவேல் டிரம்ஹெல்லர் என்பவர் இந்த நிலத்தை வாங்கினார், ஊருக்கு அவர் பெயர் வந்தது. 1911-இல் முதல் வணிகச் சுரங்கம் திறந்தது. பிறகு ரயில் வந்தது, கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1979 வரை இந்தப் பள்ளத்தாக்கில் 139 சுரங்கங்கள் பதிவாகியிருக்கின்றன. 1919-இல் பெரிய வேலைநிறுத்தம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைக் கூலிக்குப் பிடித்து அடியாட்களாக்கி அதை உடைத்தார்கள். வீடுகளின் கணப்புக்கும் ரயில் இன்ஜினுக்கும் கரி போய்க்கொண்டிருந்தவரை ஊர் செழித்தது. 1947 பிப்ரவரியில் எட்மன்டன் பக்கத்தில் லெடுக்கில் எண்ணெய் பீறிட்டது. வீடுகள் எரிவாயுவுக்கு மாறின, ரயில்கள் டீசலுக்கு மாறின. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அட்லஸ் 1979-இல் வேலையை நிறுத்தியது. ஆறே ஆண்டில் மியூசியம் திறந்தது. ஒரு வேலை போய் இன்னொரு வேலை வந்து ஊர் பிழைத்தது. ஈஸ்ட் கூலிக்கு அந்த யோகம் இல்லை. ஒரு காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்த ஊரில் இன்று தெருவில் நாய் குரைத்தால்தான் ஆள் இருப்பது தெரியும்.

டிரெல் கதையை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா? ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முன் இந்த இடம் ஓர் உள்நாட்டுக் கடலின் கரையோரச் சதுப்பு நிலம். அந்தச் சதுப்பில் மரம் விழுந்து மட்கிக் கரியானது. அதே சதுப்பில் திரிந்த விலங்குகள் சேற்றில் புதைந்து கல்லாயின. பள்ளத்தாக்கின் சரிவில் கறுப்புக் கோடாகத் தெரிகிறதே, அதுதான் கரி. எலும்பு கிடைப்பதும் அதன் மேலும் கீழுமான அடுக்குகளில்தான். காலையில் மியூசியத்தில் அந்தச் சதுப்பின் விலங்கைப் பார்த்துவிட்டு, மதியம் அதே சதுப்பை வெட்டி விற்றவர்களின் பட்டறைக்குள் நிற்பது ஒரே கதையின் இரண்டு பாகம். வடக்கு வட்டச் சாலையில் இந்தத் தொடர்ச்சி கிடைக்காது. நான் தென்கிழக்குக்கு ஓட்டுப் போடுவது இதற்காகத்தான்.

குறைகளும் உண்டு. சுரங்கத் தலம் மே மாதத்திலிருந்து இலையுதிர்காலம் வரைதான் திறந்திருக்கும். வழிகாட்டி நடைகளுக்குத் தனித்தனி நேரம், தனித்தனி டிக்கெட். முன்பதிவு இல்லாமல் போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேரிடும், எனக்கு நேர்ந்தது. டிப்பிளுக்குள் படிகள் அதிகம், முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. தூசி ஆகாதவர்களுக்கும் வேண்டாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழைய மரக் குவியல். அவர்களுக்கு அங்கே ஓடும் சிறு ரயில் வண்டி மட்டும் பிடிக்கும். வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட இருந்தால், சரி, வட்டச் சாலையே நல்லது. ஏசி போட்ட காரில் உட்கார்ந்தபடி பாதிக்கு மேல் பார்த்துவிடலாம், படகில் ஏறும்போது எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடும்.

ஊருக்குள் நிற்கும் 'உலகின் மிகப் பெரிய டைனோசர்' பற்றியும் கேட்பீர்கள். 2000-இல் கட்டிய 26 மீட்டர் உயர டி.ரெக்ஸ். உள்ளே 106 படி ஏறினால் வாய்க்குள் நின்று பல்லிடுக்கு வழியாக ஊரைப் பார்க்கலாம். நிஜ டி.ரெக்ஸைவிட நாலு மடங்குக்கு மேல் பெரியது, ஆகவே விஞ்ஞானம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் ஏறாமல் ஊரை விட்டுக் கிளம்ப முடியாது. இல்லாவிட்டால் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள டைனோசர் மாகாணப் பூங்கா டிரம்ஹெல்லரில் இல்லை. அது புரூக்ஸ் நகரத்துக்கு வடகிழக்கே, இங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. பெயரைத் தேடி, வரைபடம் காட்டிய இடத்துக்குப் போய் நின்றுகொண்டு "மியூசியம் எங்கே?" என்று எனக்குப் போன் செய்த நண்பர் ஒருவர் உண்டு. இரண்டில் எது மேல் என்றால், தேவையைப் பொறுத்தது. எலும்பு மண்ணில் கிடக்கும் கோலத்திலேயே பார்க்க வேண்டும், கால்நடையாக அலைய வேண்டும், இரவு கூடாரத்தில் தங்கி நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பூங்காதான். நாற்பதுக்கும் மேற்பட்ட டைனோசர் இனங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன, 1979-இலேயே உலகப் பாரம்பரியத் தலமானது. பூங்காவின் பெரும்பகுதிக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். அந்த இடங்கள் கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். சாப்பாடு, தண்ணீர், நிழல் எல்லாம் நாமே கொண்டு போக வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தோண்டிய எலும்புகளில் பலவும் வந்து சேர்ந்தது டிரம்ஹெல்லர் மியூசியத்துக்குத்தான். எனவே முதல்முறை வருபவர் ஒரு நாளுக்கு டிரம்ஹெல்லர். இரண்டாம் முறை, இரவு தங்க முடிந்தால், பூங்கா. இரண்டையும் ஒரே நாளில் இணைக்கலாமா என்று கேட்காதீர்கள்.

டிரம்ஹெல்லரிலேயே ஒரு ராத்திரி தங்குவது பலன் தருமா? ஜூலையில் திறந்தவெளி அரங்கில் நடக்கும் கிறிஸ்துவின் பாடுகள் நாடகத்துக்கு வருபவர்கள் தங்கத்தான் வேண்டும். 1994-இலிருந்து நடக்கிறது, மேடைக்குப் பின்திரை என்று ஒன்றுமில்லை, பள்ளத்தாக்கின் மண்மேடுதான் ஜெருசலேம். அதே வாரங்களில் ஊரில் அறை வாடகை ஏறும். அப்படி ஒரு வார இறுதியில் ஏசி வேலை செய்யாத அறை ஒன்றில், ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். நாடகத்தில் ஆர்வம், ஆனால் தங்க மனமில்லை என்றால் ரோஸ்பட் போகலாம். டிரம்ஹெல்லருக்குத் தென்மேற்கே, ஒரு குக்கிராமம். அங்கே தொழில்முறை நாடகக் குழு ஒன்று இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்தே டிக்கெட், சாப்பிட்டு முடித்து நடந்து போய் நாடகம் பார்ப்பது. பிள்ளைகளோடு போவதற்கல்ல, கணவன் மனைவி மட்டும் போவதற்கு.

மாதம் பற்றி ஒரு வார்த்தை. முடிந்தால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், மருந்துக்கும் நிழல் கிடையாது. தரையில் முளைத்திருப்பது சப்பாத்திக் கள்ளியும் சேஜ் புதரும். எந்த மாதிரி ஊர் என்பதை அவையே சொல்லிவிடும். செப்டம்பரில் ஆற்றங்கரை மரங்கள் மஞ்சளாகும், கூட்டம் வடிந்திருக்கும், சுரங்கமும் படகும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சைவச் சாப்பாட்டுக்கு ஊரில் பீட்சாவையும் உருளைக்கிழங்கு வறுவலையும் விட்டால் பெரிதாக வழியில்லை. நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்விடுவோம்.

மழை பெய்த மறுநாள் என்றால் சரிவுகளில் கால் வைக்காதீர்கள். அந்த மண்ணில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பென்டனைட் என்ற களிமண் கலந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது பாப்கார்ன் மாதிரி பொரிந்து கிடக்கும், நனைந்தால் சோப்பு. ஒருமுறை "கொஞ்சம் ஈரம்தானே" என்று இறங்கி, பதினைந்து அடி உட்கார்ந்த வாக்கில் வந்தேன். பேன்ட் போனது போகட்டும், ஷூவில் ஒட்டிய சேறு காரின் மிதியடியில் சிமென்ட் மாதிரி இறுகி, அடுத்த மாதம்வரை சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம், கீழே கிடக்கும் எலும்புத் துண்டு எதையும் ஞாபகார்த்தமாகப் பைக்குள் போட வேண்டாம். ஆல்பர்ட்டாவில் புதைபடிவங்கள் மாகாணத்துக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் தோண்டுவதும் மாகாணத்தை விட்டு வெளியே கொண்டுபோவதும் குற்றம். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சித்தி மகன் குடும்பம் காலை மியூசியம், மதியம் புளிசாதம், பிறகு ஹூடூ, சுரங்கம் என்று போய்வந்தது. டிப்பிளின் உச்சியில் அவன் மனைவி வெகு நேரம் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாத்தா ஒரு சர்க்கரை ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவராம், கடைசிக் காலத்தில் காது கேட்காதாம். 

வட்டச் சாலையை விட்டுவிட்டால் பள்ளத்தாக்கை மேலேயிருந்து எங்கே பார்ப்பது என்று சொல்ல வேண்டும் அல்லவா? ஹார்ஸ்ஷூ கேன்யன். டிரம்ஹெல்லருக்கு 17 கிலோமீட்டர் முன்னால், 9-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. காலையில் வரும்போது எல்லாரும் ஆசையில் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாதீர்கள். மியூசியத்தின் கூட்டமில்லாத முதல் மணி நேரம் கைவிட்டுப் போய்விடும். திரும்பும்போது நில்லுங்கள். கோடையில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். எட்டு மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும்போது பகலில் சாம்பலாகக் கிடந்த பட்டைகள் செம்பழுப்பாக மாறும், கரிக்கோடு இன்னும் கறுப்பாகத் தெரியும். விருப்பமுள்ளவர்கள் படியிறங்கிப் போகட்டும், மற்றவர்கள் விளிம்பில் நின்று மிச்சப் புளிசாதத்தை முடிக்கட்டும். அவசரப்பட்டுக் கிளம்பவும் வேண்டாம். கால்கரிக்குத் திரும்பும் சாலை முதலில் மேற்கே போகிறது; அந்த நேரத்தில் சூரியன் வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே நிற்கும்.